பிளாட்டினத்தை "வென்ற" மலிவு உலோக வினையூக்கிகள் எல்லாம் எங்கே போயின?

#1 – நுரைநிக்கல்

வணக்கம். நீர் மின்பகுப்புக்கான, அதாவது மின்சாரத்தால் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதற்கான, வினையூக்கிகளில் ஆராய்ச்சி செய்யும் மாணவன் நான். நிக்கல் நுரை (பஞ்சு போல ஓட்டைகள் நிறைந்த நிக்கல்) மேல் நிக்கல்–கோபால்ட் பாஸ்பைடு வளர்த்து, காரக் கரைசலில் சோதிப்பதுதான் அன்றாட வேலை. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வியை இங்கே போடுகிறேன்.

இந்தத் துறையில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே பல்லவிதான் பாடுகின்றன. விலையுயர்ந்த உலோகம் கிடையாது, சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் எடுக்க இத்தனை மில்லிவோல்ட் மிகைமின்னழுத்தம் (கோட்பாட்டளவுக்கு மேல் கொடுக்க வேண்டிய கூடுதல் மின்னழுத்தம்) போதும், பிளாட்டினத்தை நெருங்கிவிட்டோம் அல்லது தாண்டிவிட்டோம். நிக்கல், கோபால்ட், இரும்பு, மாலிப்டினம் நான்கையும் சல்பைடாக, பாஸ்பைடாக, நைட்ரைடாக மாற்றி மாற்றி அடுக்கியாயிற்று. அப்படியானால் எலக்ட்ரோலைசர் (நீரைப் பிரிக்கும் இயந்திரம்) செய்பவர்கள் ஏன் இன்னமும் பிளாட்டினமும் இரிடியமும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்?

கூடவே என் சொந்தச் சிக்கல் ஒன்று. இந்த மின்முனையை ஆக்சிஜன் பக்கத்தில் வைத்து ஓட்டினால், ஓட்ட ஓட்ட அதன் செயல்திறன் தேறுகிறது. தேய வேண்டியது தேறினால் சந்தோஷப்படலாம்தான். "ஆக்டிவேஷன் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போ" என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை.

#2 – காரத்தொட்டி

தம்பி, கேள்வியோட முதல் பாதியே சரியில்ல. நான் கார மின்பகுப்பு ஆலையில பராமரிப்பு பாக்குறவன். எங்க ஸ்டாக்குல, அதாவது கலங்களை வரிசையா அடுக்கின தொகுப்புல, பிளாட்டினம் ஒரு பொட்டு கிடையாது. நிக்கல் பூசின எஃகு, அதுக்கு மேல ரேனி நிக்கல். அதாவது நிக்கலையும் அலுமினியத்தையும் கலந்து பூசி, அலுமினியத்தைக் காரத்துல கரைச்சு வெளிய எடுத்துட்டா மிச்சம் நிக்குற ஓட்டை ஓட்டையான நிக்கல். கரைசல் 25–30 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 70–90 டிகிரி சூடு. அவ்வளவுதான்.

நார்வேல வேமோர்க்ல நீர்மின்சாரத்தை வெச்சு, உரத்துக்கு வேண்டிய ஹைட்ரஜனை 1920களோட கடைசியிலயே இப்படித்தான் டன் கணக்கா எடுத்தாங்க. மலிவு உலோகத்துல ஹைட்ரஜன்ங்கிறது நாளைக்கு வரப்போற சமாச்சாரம் இல்ல, தாத்தா காலத்துது. நீங்க எந்த ஆலையைப் பத்திக் கேக்குறீங்கன்னு முதல்ல சொல்லுங்க.

#3 – அரைகுறை

நான் இந்தத் துறை ஆள் இல்லை, படிக்கிற ஆர்வம்தான். இப்போ குழப்பமா இருக்கு. நிக்கலே போதும்னா பிளாட்டினம் பேச்சு எங்கிருந்து வந்துச்சு?

#4 – சந்தேகி

அரைகுறை, இரண்டு வேறு இயந்திரங்களைப் பற்றிப் பேசுகிறோம், அதனால் வரும் குழப்பம் இது.

காரத்தொட்டி சொல்வது கார எலக்ட்ரோலைசர். மற்றொன்று புரோட்டான் சவ்வு வைத்த எலக்ட்ரோலைசர், வழக்கில் "பெம்". பெம்மில் திரவக் காரம் கிடையாது. ஃப்ளூரின் ஏறிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்றுதான் அயனிகளைக் கடத்துகிறது. அந்தச் சவ்வு கடும் அமிலத்தன்மை கொண்டது. ஆக்சிஜன் வரும் ஆனோடு பக்கத்தில் 1.6 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம், கூடவே அமிலம்; அந்த நிலையில் நிக்கலும் கோபால்ட்டும் இரும்பும் கரைந்து போய்விடும். அங்கே நின்று வேலை செய்வது இரிடியம் ஆக்சைடு. ருத்தேனியம் ஆக்சைடு இன்னும் சுறுசுறுப்பானது, ஆனால் வேகமாகக் கரையும். ஹைட்ரஜன் வரும் கேத்தோடில் பிளாட்டினம். கரிமத்தையும் எஃகையும் ஆனோடு பக்கம் வைக்க முடியாது என்பதால் டைட்டானியம், பல இடங்களில் அதன் மேலும் பிளாட்டினப் பூச்சு.

இத்தனை தொல்லைக்கும் ஏன் பெம் வேண்டும் என்றால், சிறிய இடத்தில் அதிக மின்னோட்டம். பழைய கார ஸ்டாக் சதுர சென்டிமீட்டருக்கு 0.2–0.4 ஆம்பியரில் ஓடும்; பெம் 2 ஆம்பியரை எளிதாகத் தாங்கும். காற்றாலை, சூரிய மின்சாரம் ஏறி இறங்கும்போது ஈடுகொடுத்துப் போவதும் அதற்கு எளிது.

பிளாட்டினத்தைவிட இரிடியம்தான் பெரிய தலைவலி. ஒரு கணக்குப் போடுவோம். ஆனோடில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் இரிடியம் என்று வையுங்கள். 2 ஆம்பியர், 2 வோல்ட். ஆக 4 வாட். ஒரு ஜிகாவாட்டுக்கு 25 கோடி சதுர சென்டிமீட்டர் வேண்டும், அதாவது 500 கிலோ இரிடியம். உலகம் முழுவதும் ஆண்டுக்குக் கிடைப்பதே 7–8 டன். அதுவும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினம் தோண்டும்போது உபரியாகக் கிடைப்பது; இரிடியம் வேண்டும் என்பதற்காகத் தனியாகச் சுரங்கம் வெட்ட முடியாது. கிடைப்பதையெல்லாம் இதற்கே கொடுத்தாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 ஜிகாவாட்டோடு நின்றுவிடும்.

அதனால் "பிளாட்டினத்துக்கு மாற்று" என்ற தலைப்பே பிரச்சினையின் எளிய பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. பெம் கேத்தோடில் பிளாட்டினத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 0.025 மில்லிகிராம் வரை குறைத்தும் செயல்திறன் பெரிதாக விழவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். அந்த அளவுக்கு மேல் அங்கே மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

#5 – வரைபடப்புலி

சந்தேகி அண்ணா வழக்கம்போல எங்கள் கூட்டத்துக்கு ஒரு குட்டு வைத்துவிட்டார். நான் கணினிக் கணக்கு ஆள், கேத்தோடு பக்கத்துக்கு வக்காலத்து வாங்கிவிட்டுப் போகிறேன்.

ஹைட்ரஜன் அணு உலோகப் பரப்பில் ஒட்ட வேண்டும், பிறகு ஜோடி சேர்ந்து விட்டுப் போகவும் வேண்டும். ரொம்ப இறுக்கிப் பிடித்தால் போகாது, பிடிக்கவே இல்லையென்றால் வராது. சபாட்டியே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் சொன்ன தத்துவம் இது. 1958-இல் பார்சன்ஸ் இதைக் கணக்காக எழுதினார். 1972-இல் திராசாட்டி உலோகங்களை வரிசையாக வைத்து வரைந்தபோது எரிமலை மாதிரி ஒரு வளைவு வந்தது. உச்சிக்குப் பக்கத்தில் பிளாட்டினம், அடிவாரத்தில் பாதரசம், ஈயம். பாதரசத்துக்கும் பிளாட்டினத்துக்கும் வினைவேகத்தில் நூறு கோடி மடங்குக்குக் குறையாத வித்தியாசம். ஒரே வினை, ஒரே எலக்ட்ரான்கள், பரப்பு மட்டும்தான் வேறு. இந்தத் துறைக்குள் என்னை இழுத்ததே அந்த வளைவுதான்.

மாலிப்டினம் டைசல்பைடு கதையும் சொல்லியே ஆகணும். 1970களில் அதன் பெரிய படிகங்களைச் சோதித்துவிட்டு, ஒன்றுக்கும் உதவாது என்று ஓரங்கட்டிவிட்டார்கள். 2005-இல், காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் நொதியின் மையத்தைப் பார்த்துக் கணக்குப் போட்ட குழு, டைசல்பைடு தகட்டின் விளிம்பில் இருக்கும் கந்தக அணுக்களும் ஹைட்ரஜனை ஏறத்தாழ சரியான இறுக்கத்தில் பிடிக்கும் என்று சொன்னது. 2007-இல் சோதனை அதை உறுதி செய்தது: தகட்டின் பரப்பளவைக் கூட்டினால் வேகம் கூடவில்லை, விளிம்பின் நீளத்தைக் கூட்டினால் கூடியது. பெரிய படிகத்தில் விளிம்பே சொற்பம், அதனால்தான் பழைய ஆட்கள் கைவிட்டார்கள். நிக்கல் பாஸ்பைடும் அதே மாதிரி, 2005-இல் கணக்கில் வந்து 2013-இல் சோதனையில் நிரூபணமானது. இரண்டுமே பெட்ரோலிய சுத்திகரிப்பில் கந்தகம் நீக்கும் வேலையில் அடிபட்ட சேர்மங்கள் என்பது உபதகவல்.

பெம்மில் மலிவு உலோகம் ஓடவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2019-இல் கோபால்ட் பாஸ்பைடு கேத்தோடு ஒன்றை வணிக அளவிலான பெம் கலத்தில் வைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 1.86 ஆம்பியரில் 1,700 மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். மின்னழுத்தம் பிளாட்டினத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் வேண்டியிருந்தது. ஆனோடில் இரிடியம் அப்படியே இருந்தது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அண்ணா சொல்வார்.

ஆக்சிஜன் பக்கம் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஹைட்ரஜனுக்கு இரண்டு எலக்ட்ரான், இடையில் ஒரே ஒரு ஒட்டுநிலை (பரப்பில் ஒட்டி நிற்கும் இடைநிலை). ஆக்சிஜனுக்கு நான்கு எலக்ட்ரான், மூன்று ஒட்டுநிலை. அதில் முதல் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையே 2.46 எலக்ட்ரான் வோல்ட் இருந்தால் லட்சியம்; ஆனால் கிட்டத்தட்ட எந்த ஆக்சைடை எடுத்தாலும் 3.2-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஒன்றை இறுக்கினால் இன்னொன்றும் சேர்ந்தே இறுகும். மிச்சமான 0.74-ஐ இடையிலுள்ள இரண்டு படிகளுக்கும் பாதியாக்கினால் 0.37 வோல்ட். எவ்வளவு அழகாக உலோகங்களைக் கலந்தாலும் தட்டையான பரப்பில் அந்த அபராதத்தைத் தவிர்ப்பது கடினம்.

#6 – காரத்தொட்டி

புலி சொன்னது எனக்கு முக்கால்வாசி புரிஞ்சுது, அதுவே பெரிசு.

ஆலைக்காரன் கணக்கு ஒண்ணு சொல்றேன், எழுதி வெச்சுக்கங்க. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 26.6 கிலோஆம்பியர் மணி மின்னோட்டம் வேணும். இது ஃபாரடே விதி, யாராலும் மாத்த முடியாது. அதனால கலத்தோட வோல்ட்டை 26.6-ஆல பெருக்கினா கிலோவுக்கு எத்தனை யூனிட்னு வந்துரும். 1.48 வோல்ட்ல 39.4 யூனிட், வெளிய சூடே போகாத நிலை. 1.8 வோல்ட்டுக்கு 48. 2 வோல்ட்டுக்கு 53. நீங்க மெனக்கெட்டு 100 மில்லிவோல்ட் குறைச்சா கிலோவுக்கு 2.66 யூனிட் மிச்சம். இது சின்ன விஷயம் இல்ல. ஹைட்ரஜன் விலையில பெரும் பங்கு மின்சாரச் செலவுதான்.

ஆனா உங்க 10 மில்லிஆம்பியர் எனக்கு எதுக்கு? ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடுக்க 1,100 ஆம்பியர் ஓடணும். 10 மில்லிஆம்பியர்ல ஓட்டினா 11 சதுர மீட்டர் மின்முனை வேணும். ஒரு ஆம்பியர்ல ஓட்டினா அதுல நூத்துல ஒரு பங்கு போதும். அந்த மின்னோட்டத்துல குமிழி அடைச்சுக்கும், கரைசலோட மின்தடை மேல வரும், பூச்சு உரியும். 10-ல ராஜாவா இருந்தது ஆயிரத்துல கூஜாவாயிரும்.

#7 – அரைகுறை

அந்த 10 மில்லிஆம்பியர் எங்கிருந்து வந்துச்சு? யாராவது சும்மா வெச்ச எண்ணா?

#8 – சந்தேகி

சும்மா வைத்ததில்லை. சூரிய ஒளியை நேரடியாக வாங்கி நீரைப் பிரிக்கும் கருவிக்காக வைத்தது. சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் வெயில். 10 மில்லிஆம்பியரை 1.23 வோல்ட்டால் பெருக்கினால் 12.3 மில்லிவாட், அதாவது 12.3 சதவீதத் திறன். அந்தக் கருவிக்கு நியாயமான இலக்கு. அதைத் தூக்கி வந்து தொழிற்சாலை எலக்ட்ரோலைசருக்கும் அளவுகோலாக்கியதுதான் கோளாறு.

நுரைநிக்கலின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். தானாகத் தேறும் மின்முனையைக் கண்டால் முதலில் அளவீட்டைச் சந்தேகிக்க வேண்டும். இந்தத் துறையில் "பிளாட்டினத்தை வென்ற" முடிவுகளில் கணிசமானவை அளவீட்டுக்குள்ளேயே கரைந்து போகக்கூடியவை.

மோசமானது கவுண்டர் எலக்ட்ரோடு, அதாவது சோதனைக் கலத்தில் மாதிரிக்கு எதிரே வைக்கும் மின்முனை. பிளாட்டினக் கம்பியைக் கவுண்டராக வைத்து, மலிவு உலோகக் கேத்தோடை நெடுநேரம் ஓட்டினால், ஆனோடாக இருக்கும் பிளாட்டினம் சிறுகச் சிறுகக் கரைந்து எதிரே இருக்கும் மாதிரியின் மேல் போய்ப் படியும். நேரம் ஆக ஆக வினை வேகமெடுக்கும். "எங்கள் வினையூக்கி சுழற்சிக்குச் சுழற்சி மேம்படுகிறது" என்று எழுதுவார்கள். மேம்பட்டது பிளாட்டினம். ஹைட்ரஜன் பக்கத்தைச் சோதிப்பவர் கிராஃபைட் தண்டு வைப்பதும், இடையில் ஒரு சவ்வு வைப்பதும் நல்லது.

அடுத்தது நிக்கல் நுரை. (உங்கள் புனைபெயருக்கு மன்னிக்கவும்.) ஒரு சதுர சென்டிமீட்டர் நுரைக்குள் உண்மையான பரப்பு அதைவிடப் பல மடங்கு. அதன் மேல் வளர்த்த நானோ ஊசிகளையும் சேர்த்தால் இன்னும் பல மடங்கு. மின்னோட்டத்தை வெளி அளவால் வகுத்துவிட்டு, தட்டையான பிளாட்டினத் தகட்டோடு ஒப்பிட்டு வென்றேன் என்றால் எப்படி? ஆலைக்கு அந்தப் பரப்பு பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் அணு அளவில் இது நல்ல வினையூக்கி என்று சொல்வது வேறு விஷயம்.

ஆக்சிஜன் பக்கத்தில் இன்னொரு பொறி. நிக்கல் ஹைட்ராக்சைடு 1.35–1.4 வோல்ட்டுக்கு அருகில் தானே ஆக்சிஜனேற்றமடையும். அது வளைவில் ஒரு மேடாகத் தெரியும்; அந்த மேட்டிலேயே 10 மில்லிஆம்பியர் வந்துவிடும். குமிழி ஒன்றும் கிளம்பியிருக்காது, ஆனால் மிகைமின்னழுத்தம் வெகு குறைவு என்று அட்டவணையில் ஏறிவிடும். வெளியே வரும் வாயுவை அளந்தீர்களா என்று கேளுங்கள். ஒரு ஆம்பியருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 மில்லிலிட்டர் ஹைட்ரஜனும் அதில் பாதி ஆக்சிஜனும் வந்தாக வேண்டும்.

கரைசலின் தடையை 100 சதவீதம் கழித்துக் காட்டுவது, காரத்தில் சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸை (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் மின்முனை) நாள் முழுக்க ஊறப்போட்டுவிட்டு அதன் எண்ணை நம்புவது என்று பட்டியல் நீளும். இன்னொரு நாள் திட்டுகிறேன்.

நுரைநிக்கல், உங்கள் கவுண்டர் என்ன? காரம் எந்தத் தரம்?

#9 – நுரைநிக்கல்

கவுண்டர் கிராஃபைட் தண்டுதான். ரெஃபரன்ஸ் மெர்குரி ஆக்சைடு. மேட்டைத் தவிர்க்க, மின்னழுத்தத்தை மேலிருந்து கீழாக இறக்கித்தான் வளைவு எடுக்கிறேன். காரம் சாதாரண ஆய்வகத் தரம், சுத்திகரிக்கவில்லை. அதிலென்ன இருக்கிறது?

#10 – சந்தேகி

அதில் இரும்பு இருக்கிறது.

1987-இல் காரிகன் இதை அச்சிலேயே போட்டுவிட்டார்: நிக்கல் ஆக்சைடு மின்முனை, காரத்தில் மாசாக வரும் இரும்பை உறிஞ்சிக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியேற்றம் எகிறும். மின்கலம் செய்பவர்களுக்கு அது உபத்திரவம், ஏனென்றால் சார்ஜ் ஏற்றும்போது வீணாக வாயு கிளம்பும். நமக்கோ அதுதான் வரம். 2014-இல் பாட்செரின் குழு காரத்தை நன்றாகச் சுத்திகரித்துவிட்டுப் பார்த்தபோது, நிக்கல் ஹைட்ராக்சைடு ஆக்சிஜன் வினைக்கு மிக மந்தமானது என்று தெரிந்தது. அதுவரை நிக்கலின் பெருமை என்று எழுதப்பட்டதில் பெரும்பங்கு இரும்புடையது. பாட்டிலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த இரும்பே அதற்குப் போதுமானதாக இருந்தது.

வேண்டுமென்றே இரும்பு சேர்த்த நிக்கல்–இரும்பு அடுக்கு ஹைட்ராக்சைடு, காரத்தில் இரிடியத்தையே தோற்கடிக்கும். மலிவு உலோகம் சந்தேகமில்லாமல் ஜெயித்த இடம் அது ஒன்று.

நீங்கள் செய்ய வேண்டியது: இரும்பு இல்லாத நிக்கல் உப்பிலிருந்து நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவு எடுங்கள். உங்கள் காரத்தில் அதைப் போட்டுக் குலுக்கி, ஊறவிட்டு, மையவிலக்கியில் சுற்றித் தெளிந்ததை எடுங்கள். இரும்பை அந்த வீழ்படிவு இழுத்துக்கொள்ளும். புதிய மின்முனையை அதில் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடிக் கலம் வேண்டாம், கண்ணாடியிலிருந்தும் இரும்பு வரும்.

#11 – அரைகுறை

நடுவுல ஒரு கேள்வி, கோவிச்சுக்காதீங்க. நல்ல தண்ணியைப் பிரிக்கிறதுக்குப் பதிலா நேரா கடல்நீரைப் பிரிக்கிற வினையூக்கின்னு நிறைய செய்தி வருதே? வீட்டுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு ரெண்டு, உப்புத் தண்ணி, பேட்டரி வெச்சா குமிழி வருது, நானே பார்த்திருக்கேன்.

#12 – மட்டுறுத்துனர்

அந்தச் சோதனையை யாரும் செய்ய வேண்டாம். உப்பு நீரில் ஆனோடில் வருவது பெருமளவு குளோரின். மூடிய அறையில் ஆபத்து. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கும் குரோமியம் கரைந்து ஆறு இணைதிற குரோமியமாகக் கரைசலுக்கு வரும். அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு, சாக்கடையிலும் ஊற்றக் கூடாது. ஹைட்ரஜன்–ஆக்சிஜன் கலவை ஒரு பொறிக்கு வெடிக்கும். விவாதத்தைத் தொடரலாம்.

#13 – வரைபடப்புலி

கடல்நீர் பற்றி நான் சொல்கிறேன், இது என் பழைய பாவம்.

குளோரினைத் தவிர்க்க வழி இருக்கிறது. காரத்தில் ஆக்சிஜன் வருவதற்கும் ஹைப்போகுளோரைட் உருவாவதற்கும் இடையே 0.48 வோல்ட் அளவு இடைவெளி. மிகைமின்னழுத்தம் அதற்குள் அடங்கினால் ஆக்சிஜன் மட்டும் வரும். நிக்கல்–இரும்பு அதைச் செய்யும். வேதியியலாக அழகான பிரச்சினை. கணக்காகப் பார்த்தால்தான் சிரிப்பு வருகிறது. கடல்நீரைச் சவ்வு வழியாகக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3–4 யூனிட் ஆகும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் நீர். அதாவது 0.04 யூனிட்கூட இல்லை. மின்பகுப்புக்கோ 50 யூனிட். ஆயிரத்தில் ஒரு பங்கு மிச்சம் பிடிக்க, மக்னீசியம் படிவையும் குளோரைடு அரிப்பையும் ஸ்டாக்குக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பானேன்?

#14 – காரத்தொட்டி

கையெழுத்துப் போடுறேன். தண்ணியைச் சுத்தம் பண்ற கருவி கெட்டா மாத்திக்கலாம். ஸ்டாக் கெட்டா ஆலை நிக்கும்.

ஒரு விஷயம் யாருமே பேசல. எல்லாரும் ஓடும்போது என்ன ஆகும்னு பாக்குறீங்க. எங்களுக்கு மின்முனை சாகுறது நிறுத்தும்போது. கலங்கள் வரிசையா இருக்கு, எல்லாத்துக்கும் பொதுவா காரம் ஓடுற குழாய். மின்சாரத்தை நிறுத்தின உடனே, ஆனோடுல சேர்ந்த நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடும் கேத்தோடு பக்கம் இருக்கிற ஹைட்ரஜனும் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி ஆகி, அந்தக் குழாய் வழியா மின்னோட்டம் தலைகீழா ஓடும். கேத்தோடு ஆக்சிஜனேற்றம் ஆகும். நிக்கல்–மாலிப்டினம் கேத்தோடு, பேப்பர்ல பிளாட்டினத்துக்குப் பக்கத்துல நிக்கிற அதே சரக்கு, சும்மா நிக்கும்போது மாலிப்டினம் மாலிப்டேட்டா கரைஞ்சு காரத்தோட போயிரும். இடைவிடாம ஓட்டினா நல்லா இருக்கும். சூரிய மின்சாரத்தை நம்பி ஓடுற ஆலை தினமும் சாயங்காலம் நிக்குமே?

அதனால பழைய ஆலைகள்ல நிறுத்தும்போதும் சின்னதா ஒரு காப்பு மின்னோட்டம் குடுத்துக்கிட்டே இருப்போம். "நூறு மணி நேரம் நிலைப்புத்தன்மை"ன்னு ஒரு நேர்கோட்டைப் போட்டுட்டு முடிச்சுக்கிறாங்க. எனக்கு வேண்டியது அம்பதாயிரம் மணி நேரம், நடுவுல ஆயிரக்கணக்குல நிறுத்தமும் கிளப்பலும்.

#15 – வரைபடப்புலி

இதைத்தான் எங்கள் மாதிரிகள் சொல்வதே இல்லை. ஒட்டும் ஆற்றலைக் கணக்கிடும்போது பரப்பு அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்கிறோம். கரைதல், மறுபடிதல், சுழற்சி, இவற்றுக்கு நம்பும்படியான கணக்கு இன்னும் கடினம்.

ஆனால் ஒரு எதிர்வாதம். ஹைட்ரோஜினேஸ் நொதிகளைப் பாருங்கள். மையத்தில் இரும்பு, அல்லது நிக்கலும் இரும்பும். ஒரு மையம் நொடிக்கு ஆயிரக்கணக்கான ஹைட்ரஜன் மூலக்கூறுகளைக் கையாளும், மிகைமின்னழுத்தம் ஏறத்தாழ கிடையாது. இலைக்குள் நீரைப் பிரிப்பது நான்கு மாங்கனீசும் ஒரு கால்சியமும் சேர்ந்த கொத்து. உலோகம் அரியதாக இருக்க வேண்டும் என்று இயற்கை விதி எதுவும் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

#16 – சந்தேகி

சாட்சிதான். ஆனால் அந்த நொதிகளில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டால் செயலிழக்கும். இலையோ, நீரைப் பிரிக்கும் மையத்தைத் தாங்கும் புரதத்தை நல்ல வெயிலில் அரை மணிக்கொரு தரம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. காரத்தொட்டியிடம் அந்தப் பராமரிப்பு அட்டவணையைக் கொடுத்துப் பாருங்கள்.

#17 – காரத்தொட்டி

வேலையை விட்டுட்டுப் போயிருவேன்.

#18 – நுரைநிக்கல்

முடிவோடு வந்திருக்கிறேன். தெஃப்லான் கலம், சுத்திகரித்த காரம், புதிய மின்முனை. தேறவே இல்லை. முதல் வளைவும் கடைசி வளைவும் ஒன்றன் மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன, அதுவும் பழையதைவிட வெகு மோசமான இடத்தில். பிறகு அதே கரைசலில் இரும்பு நைட்ரேட் துளியளவு சேர்த்தேன். கண்ணெதிரே ஏறியது. பழைய "ஆக்டிவேஷன்" இருந்த இடத்தையும் தாண்டிப் போயிற்று.

ஓட்டி முடித்த மின்முனையை எக்ஸ்பிஎஸ்ஸில் (பரப்பில் என்ன இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-கதிர் அளவீடு) பார்த்தோம். பரப்பில் பாஸ்பைடு அடையாளமே இல்லை. ஆக்சிஹைட்ராக்சைடு, அதற்குள் இரும்பு. கைடு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தலைப்பை மாற்று" என்றார்.

#19 – வரைபடப்புலி

கைடுக்கு ஒரு சல்யூட்! ஆனால் பாஸ்பைடைக் குப்பையில் போடாதீர்கள். அது கரைந்து உருமாறும்போது விட்டுச்செல்லும் ஓட்டை நிறைந்த அமைப்பு, நேரடியாகப் படிய வைத்த ஹைட்ராக்சைடில் வராது. உள்ளே மிச்சம் இருக்கும் பாஸ்பைடு மின்கடத்தியாகவும் உதவும்.

#20 – சந்தேகி

இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டுமானால், அதே உண்மைப் பரப்புள்ள சாதாரண நிக்கல்–இரும்பு ஹைட்ராக்சைடைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பெரும்பாலான கட்டுரைகளில் இல்லாதது அந்த ஒரு கோடுதான். பாஸ்பைடு தயாரிக்க ஹைப்போபாஸ்பைட்டைச் சூடாக்கும்போது பாஸ்பீன் என்ற நச்சு வாயு வருகிறது. எளிய படிவிப்பிலேயே அதே எண் கிடைக்கும் என்றால் எதற்கு அந்த வழி? உங்கள் பாஸ்பைடு நிஜமாகவே பயன்படக்கூடிய இடம் கேத்தோடு. அங்கே அது பாஸ்பைடாகவே நீடிக்க ஓரளவு வாய்ப்பு உண்டு, நிறுத்தாமல் ஓட்டும்வரை.

#21 – காரத்தொட்டி

அப்போ அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க தம்பி. 30 சதவீதக் காரம், 80 டிகிரி, சதுர சென்டிமீட்டருக்கு அரை ஆம்பியர். கொஞ்ச நேரம் ஓட்டிட்டு மின்சாரத்தை எடுத்துட்டு ஆனோடையும் கேத்தோடையும் ஒரு கம்பியால சேர்த்து விடுங்க, தலைகீழ் மின்னோட்டம் தானா ஓடும். மறுபடி கிளப்புங்க. ஒவ்வொரு சுத்துக்கும் காரத்துல கொஞ்சம் எடுத்து, என்ன கரைஞ்சிருக்குன்னு அளங்க. வோல்ட் ஏறுதா, பாஸ்பரஸ் வெளிய வருதா, கோபால்ட் வருதா. இந்த ஒரு படம் போட்ட பேப்பரை நான் அச்செடுத்துப் படிப்பேன்.

#22 – நுரைநிக்கல்

அமைத்துக்கொண்டிருக்கிறேன் அண்ணா. தெஃப்லான் கலம் இருக்கிறது. 80 டிகிரியில் நீர் ஆவியாகிக் காரத்தின் செறிவு ஏறிவிடாதா? நாள் கணக்கில் ஓட்டும்போது எப்படிச் சமாளிப்பது? ரெஃபரன்ஸையும் அந்தச் சூட்டில் வைக்கலாமா?

#23 – காரத்தொட்டி

ஏறும். மட்டம் பாத்துச் சுத்த நீரை விட்டுக்கிட்டே இருக்கணும், காரத்தை இல்ல. அப்பப்போ அடர்த்தி அளந்துக்கங்க. மேல ஒரு குளிர்விப்பான் வெச்சா பாதித் தொல்லை தீரும். மூடி இறுக்கமா இருக்கட்டும், காத்துல இருக்கிற கார்பன் டைஆக்சைடு பட்டா காரம் கார்பனேட் ஆயிரும், வாயு போறதுக்கு மட்டும் வழி விடுங்க. நீர் விடுற குழாய்ல எஃகு வேண்டாம், இரும்பு வந்துரும், மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ரெஃபரன்ஸ் பத்தி சந்தேகி சொல்லுவார்.

#24 – சந்தேகி

வெளியே சாதாரண வெப்பநிலையில் வைத்து, காரம் நிரப்பிய மெல்லிய குழாயால் இணையுங்கள். வெப்பநிலை வேறுபாட்டுக்கான திருத்தத்தை மறக்காமல் எழுதுங்கள். ஹைட்ரஜன் ரெஃபரன்ஸ் வைக்க வசதி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, கலத்துக்குள்ளேயே அதே சூட்டில் நிற்கும். ஆனால் அதன் உள்ளே இருப்பது பிளாட்டினம், அதனால் நடுவில் சவ்வு வையுங்கள்.